பளபளக்கும் மேடை, இறுகும் நுரையீரல்

2024 ஜூலை 1-ஆம் தேதி ஆஸ்திரேலியாவில் ஒரு விநோதமான தடை அமலுக்கு வந்தது. தடைக்கு ஆளானது, சமையலறையில் அடுப்பும் மிக்சியும் வைப்பதற்காகப் போடுகிற மேடைக் கல். 'குவார்ட்ஸ்' என்ற பெயரில் கடைகளில் விற்கும் அந்தச் செயற்கைக் கல்லைத் தயாரிப்பது, விற்பது, வெட்டுவது, வீட்டில் பொருத்துவது எல்லாமே அன்றிலிருந்து அங்கே சட்டவிரோதம். ஆறு மாதம் கழித்து, 2025 ஜனவரி 1 முதல், இறக்குமதிக்கும் கதவு சாத்தப்பட்டது. இந்தக் கல்லுக்கு நாடு முழுவதும் தடை விதித்த முதல் நாடு ஆஸ்திரேலியாதான்.

இத்தனைக்கும் அந்தக் கல் வீட்டுக்காரரை ஒன்றும் செய்வதில்லை. அதன் மேல் காய் நறுக்கலாம், மாவு பிசையலாம், முப்பது வருஷம் துடைத்துத் துடைத்துப் புழங்கலாம். ஆபத்து முழுவதும் அதை அளவுக்கு வெட்டி, ஓரம் தேய்த்து, சிங்க்குக்கு ஓட்டை போடுகிற சில மணி நேரத்துக்குள் அடங்கியிருக்கிறது. அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்பவர் பட்டறைத் தொழிலாளி ஒருவர் மட்டுமே. அவரைக் காப்பாற்ற வழி தேடி அலுத்துப்போன ஒரு நாடு, கடைசியில் கல்லையே எடுத்துவிட முடிவு செய்தது.

மலையில் வெட்டாத கல்

பூமியின் மேலோட்டில் மிக அதிகமாகக் கிடைக்கும் கனிமங்களில் ஒன்று குவார்ட்ஸ். சிலிக்கனும் ஆக்சிஜனும் ஒழுங்கான படிகமாக அடுக்கப்பட்ட பொருள் அது. படிக சிலிக்கா என்று பொதுவாகச் சொல்லலாம். கிரானைட்டில் அது 20 முதல் 45 சதவீதம் வரை இருக்கும். பளிங்கில் பெரும்பாலும் 5 சதவீதத்துக்கும் கீழே. சமையல் மேடைக்கென்று விற்பனைக்கு வந்த செயற்கைக் கல்லிலோ 90 சதவீதத்துக்கு மேல்.

செய்முறை ஏறக்குறைய கடலைமிட்டாய்க்குச் சொல்வதுதான்: கடலை நிறைய, பாகு கொஞ்சம். கடலைக்குப் பதில் பொடித்த குவார்ட்ஸ், பாகுக்குப் பதில் பாலியெஸ்டர் ரெசின். நிறத்துக்குச் சாயப்பொடி. கலவையைப் பலகையாகப் பரப்பி, வெற்றிடத்தில் வைத்து, அதிரவிட்டு அழுத்துவார்கள். காற்றுக் குமிழ்கள் வெளியேறிவிடும். பிறகு சூடாக்கினால் ரெசின் இறுகிக் கல்லாகிவிடும். இந்த முறையையும் இயந்திரங்களையும் உருவாக்கியது இத்தாலியின் ட்ரெவீசோ பகுதியில் 1963-இல் தொடங்கப்பட்ட பிரெட்டன் நிறுவனம். அந்தத் தொழில்நுட்பம் பிற நாடுகளுக்குப் பரவியது. இஸ்ரேலில் ஸ்தோத் யாம் என்ற கூட்டுப்பண்ணைக் கிராமத்தில் 1987-இல் சீசர்ஸ்டோன் பிறந்தது. ஸ்பெயினில் 1990-இல் சைல்ஸ்டோன் சந்தைக்கு வந்தது. பின்னர் சீனா, இந்தியா, துருக்கி, வியட்நாம் என்று பட்டியல் நீண்டது.

மக்கள் இதை விரும்பியதற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. இயற்கைக் கல்லில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. எண்ணெயும் காப்பியும் உள்ளே இறங்கும். செயற்கைக் கல்லில் அந்தத் தொல்லை குறைவு. இரண்டு பலகைகளுக்கு நிற வேறுபாடு இருக்காது. பளிங்கு மாதிரி தோன்றும், பளிங்கு மாதிரி கீறல் விழாது. விலையும் ஆண்டுக்கு ஆண்டு இறங்கியது. ஆஸ்திரேலியாவில் 2000-க்குப் பிறகு கட்டிய வீடுகளில் இந்தக் கல் மேடை வெகு சாதாரணம்.

தொழிற்சாலையிலிருந்து வருவது ஏறத்தாழ மூன்று மீட்டர் நீளப் பலகை. ஒவ்வொரு சமையலறைக்கும் அளவு வேறு என்பதால் கடைசி வேலை உள்ளூர்ப் பட்டறையில்தான் நடந்தாக வேண்டும். நேர்க்கோட்டு வெட்டுகளைப் பெரிய ரம்ப இயந்திரம் தண்ணீர் பாய்ச்சியபடி முடித்துவிடும். சிங்க்கின் உள்மூலை, குழாய்க்கு ஓட்டை, முன் ஓரத்தின் வளைவு, கடைசி பாலிஷ் ஆகியவற்றுக்குக் கையில் பிடிக்கும் கிரைண்டர் வேண்டும். முகத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழ தூரம்கூட இராது. இந்தப் பட்டறைகளில் பெரும்பாலானவை பத்துப் பேருக்கும் குறைவாக வேலை செய்யும் சிறு இடங்கள். காற்றைச் சோதிக்கும் கருவியோ, தொழில் மருத்துவரோ அங்கே எட்டிப் பார்ப்பதில்லை.

கடற்கரை மணல் கொல்வதில்லையே?

மெரினா மணலிலும் பெரும்பகுதி குவார்ட்ஸ்தான். அதில் புரண்டு விளையாடும் குழந்தைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. வித்தியாசம் அளவில் இருக்கிறது. கடற்கரை மணல் துகள் ஒன்று பெரும்பாலும் 200 மைக்ரானுக்கு மேல் இருக்கும். அது காற்றில் மிதக்காது. மூக்கில் போனாலும் அங்கேயே மாட்டிக்கொள்ளும். நுரையீரலின் கடைசி முனை வரை போகக்கூடியவை ஏறத்தாழ 5 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள துகள்கள். தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், அதில் பதினான்கில் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய தூள் கண்ணுக்குத் தெரியாது. பட்டறையில் வெள்ளையாகப் பறக்கும் புழுதி தரையில் படிந்த பிறகும் இந்த நுண்தூள் மணிக்கணக்கில் காற்றில் நிற்கும். 'தூசி அடங்கிவிட்டது' என்று முகமூடியைக் கழற்றும் நேரத்தில்தான் அது உள்ளே போகிறது.

இரண்டாவது வித்தியாசம், துகளின் வயது. ஆற்றிலும் கடலிலும் உருண்ட மணல் பல்லாயிரம் ஆண்டு பழையது. வைரச் சக்கரத்தில் இப்போதுதான் உடைந்த குவார்ட்ஸின் முகம் வேறு மாதிரி. வேதிப் பிணைப்புகள் அறுபட்டு வினைபுரியத் துடித்துக்கொண்டிருக்கும். படிகம் உடையும்போது அதன் மேற்பரப்பில் உருவாகும் ஒருவகைச் சிலனால் தொகுதிகள்தாம் செல் சவ்வைக் கிழிக்கின்றன என்று இத்தாலியின் டுரின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் காட்டினார்கள். செயற்கைக் கல்லின் தூசியில் ரெசினின் எச்சங்களும் சாயத்தின் உலோகங்களும் கூடவே வருகின்றன. அவை பாதிப்பை எந்த அளவுக்குக் கூட்டுகின்றன என்ற ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை.

விழுங்கியவன் சாகிறான்

நுரையீரலின் நுனியில் கோடிக்கணக்கான காற்றுப்பைகள் இருக்கின்றன. அவற்றின் சுவர் மிக மெல்லியது. அதன் வழியாகத்தான் ஆக்சிஜன் ரத்தத்துக்கு மாறுகிறது. அங்கே வந்து விழும் குப்பையை அள்ள மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கு செல்கள் ரோந்து சுற்றுகின்றன. பாக்டீரியாவோ புகைக்கரியோ எது வந்தாலும் விழுங்கி, லைசோசோம் என்ற உள்பையில் போட்டுச் செரித்துவிடுவது அவற்றின் வேலை.

குவார்ட்ஸைச் செரிக்க முடியாது. விழுங்கிய படிகம் லைசோசோமின் சவ்வைக் கிழிக்கிறது. உள்ளிருந்த செரிமான நொதிகள் செல்லுக்குள்ளேயே கசிகின்றன. என்.எல்.ஆர்.பி.3 என்ற புரதத் தொகுப்பு விழித்துக்கொண்டு, இன்டர்லூக்கின்-1 பீட்டா போன்ற அபாய அறிவிப்பு மூலக்கூறுகளை வெளியே அனுப்புகிறது. சிலிக்காவும் ஆஸ்பெஸ்டாஸும் இதே வழியில்தான் அழற்சியைக் கிளப்புகின்றன என்பது 2008-இல் வெளியான ஆய்வுகளில் தெளிவானது. அழற்சியோடு கதை முடிந்தால் பரவாயில்லை. மேக்ரோஃபேஜ் இறக்கிறது, படிகம் அப்படியே வெளியே வருகிறது, அடுத்த மேக்ரோஃபேஜ் அதை விழுங்குகிறது. அதுவும் இறக்கிறது. தூளின் அளவு குறைவதே இல்லை.

ஒவ்வொரு சுற்றிலும் உடம்பு காயத்தை ஆற்றுவதாக நினைத்துக் கொலாஜன் நாரைச் சுற்றுகிறது. சின்னச் சின்ன முடிச்சுகள் உருவாகின்றன. முடிச்சுகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு சென்டிமீட்டரைத் தாண்டிய கட்டிகளானால், மருத்துவர்கள் அதை முற்றிய நிலை என்று குறிப்பார்கள். பஞ்சாக இருக்க வேண்டிய நுரையீரல் அந்த இடத்தில் தழும்பாக இறுகிவிடும். இந்த நோய்க்குப் பெயர் சிலிக்கோசிஸ். வேலையை விட்ட பிறகும் அது வளர்ந்துகொண்டே போகலாம். தூள் உள்ளேயே இருக்கிறது அல்லவா.

தழும்பைக் கரைக்கும் மருந்து கிடையாது. கடைசி வழி நுரையீரல் மாற்று அறுவை. அதற்குப் பிறகும் பாதிப்பேர் ஆறேழு ஆண்டுகளுக்கு மேல் வாழ்வதில்லை. சிலிக்கா சும்மா விட்டாலும் காசநோய் விடாது. தூளைத் தின்று களைத்த மேக்ரோஃபேஜ்களால் காசநோய்க் கிருமியை எதிர்க்க முடிவதில்லை என்பதால், சிலிக்கோசிஸ் உள்ளவரைக் காசநோய் எளிதில் பிடிக்கிறது. முடக்குவாதம், தோல் இறுகும் ஸ்க்ளீரோடெர்மா, சிறுநீரக நோய் ஆகியவற்றோடும் சிலிக்காவுக்குத் தொடர்பு உண்டு. படிக சிலிக்கா மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இலேயே முதல் பிரிவில் சேர்த்துவிட்டது.

புதைத்த இடத்திலிருந்து

இது புதிதாகக் கண்டுபிடித்த நோயும் இல்லை. சுரங்கத் தொழில் பற்றி 1556-இல் வெளியான ஜார்ஜியஸ் அக்ரிகோலாவின் நூல், கார்பேத்திய மலைச் சுரங்கப் பகுதியில் ஏழு கணவர்களை அடுத்தடுத்துப் பறிகொடுத்த பெண்கள் உண்டு என்று எழுதியது. தொழில் மருத்துவத்தின் தந்தை என்று சொல்லப்படும் பெர்னார்டினோ ராமசீனி, 1700-இல் வந்த தம் நூலில் கல்தச்சர்களின் இருமலுக்குக் கூரிய கல்துகள்களைக் காரணம் காட்டினார்.

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் காலி பிரிட்ஜ் ஊருக்கு அருகே, 1930-இல் மலையைக் குடைந்து ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கம் தோண்டினார்கள். ஆற்று நீரைத் திருப்பி மின்சாரம் எடுக்கும் திட்டம். குறுக்கே வந்த பாறையில் சிலிக்கா மிக அதிகம். தண்ணீர் பாய்ச்சித் துளைத்தால் வேலை தாமதமாகும் என்று உலர் துளைப்பே பெரும்பாலும் நடந்தது. தெற்கு மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கறுப்பினத் தொழிலாளிகள்தாம் உள்ளே இறங்கியவர்களில் பெரும்பான்மை. மருத்துவர் மார்ட்டின் செர்னியாக் பிற்காலத்தில் ஆவணங்களைத் துருவிக் கணக்கிட்டதில், இறந்தவர்கள் குறைந்தது 764 பேர். 1936-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு இதை விசாரித்தது. 1938-இல் தொழிலாளர் அமைச்சர் பிரான்சிஸ் பெர்கின்ஸ் 'சிலிக்கோசிஸை நிறுத்துவோம்' என்ற இயக்கத்தையே தொடங்கினார். நீர் தெளிப்பது, தூசியை உறிஞ்சுவது, முகக்கவசம் அணிவது என்று இன்றைக்குச் சொல்லும் அறிவுரைகளில் பெரும்பகுதி அன்றைக்கே தெரிந்திருந்தது. பணக்கார நாடுகளில் நோய் படிப்படியாகக் குறைந்தது. இளம் மருத்துவர்கள் பலர் அதைப் பாடப்புத்தகத்தில் மட்டுமே பார்த்தார்கள்.

அந்த மறதி இருந்த காலத்தில்தான் 90 சதவீத சிலிக்கா சமையலறைக்குள் நுழைந்தது.

முதல் எச்சரிக்கை மணி இஸ்ரேலில் அடித்தது. பெத்தா திக்வா நகரின் ராபின் மருத்துவ மையத்தில் நுரையீரல் மாற்றுப் பிரிவை நடத்திய மொர்தெகாய் கிராமரும் சக மருத்துவர்களும், 1997 முதல் 2010 வரை தங்களிடம் வந்த சிலிக்கோசிஸ் நோயாளிகள் 25 பேரைப் பற்றி 2012-இல் எழுதினார்கள். அத்தனை பேரும் செயற்கைக் கல்லை உலர்வாக வெட்டியவர்கள். அடுத்து ஸ்பெயினின் காதீஸ் மாகாணம். 2014-இல் வெளியான ஆய்வில் 46 பேர், நடு வயது 33. கிரானைட் குவாரியில் இருபது முப்பது ஆண்டு உழைத்தவரைப் பிடிக்கும் நோய், இங்கே பத்தே ஆண்டில் இளைஞரைக் கவிழ்த்தது. அமெரிக்காவில் முதல் செயற்கைக் கல் நோயாளி 2014-இல் டெக்சஸ் மாநிலத்தில் அடையாளம் காணப்பட்டார், வயது 37.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 2018 செப்டம்பரில் அவசர எச்சரிக்கை விடுத்து, உலர் வெட்டை நிறுத்தச் சொல்லி, பட்டறைத் தொழிலாளர்களைக் கூப்பிட்டுச் சோதித்தது. தேடத் தொடங்கிய பிறகுதான் எத்தனை பேர் என்று தெரிந்தது. 2018-க்கு முன்பிருந்தே இந்தத் தொழிலில் இருப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குச் சிலிக்கோசிஸோ சிலிக்கா சார்ந்த வேறு நோயோ இருக்கிறது என்று தேசியத் தூசிநோய்ப் பணிக்குழு 2021-இல் அறிக்கை தந்தது. பலருக்கு மூச்சிரைப்பே தொடங்கியிருக்கவில்லை.

கலிபோர்னியாவில் கதை இன்னும் கடுமை. அங்கே 2019 முதல் 2022 வரை கண்டறிந்த 52 பேரைப் பற்றிய ஆய்வு 2023-இல் வெளியானது. ஒருவரைத் தவிர அனைவரும் லத்தீன் அமெரிக்காவிலிருந்து குடியேறியவர்கள். நடு வயது 45. பத்துப் பேர் அதற்குள் இறந்திருந்தார்கள். கண்டறிந்த நாளிலேயே இருபது பேருக்கு நோய் முற்றியிருந்தது. பாதிக்கும் மேற்பட்டோருக்கு நோய் தாமதமாகவே கண்டுபிடிக்கப்பட்டது. நிமோனியா, காசநோய் என்று தவறாக நினைத்து மருந்து கொடுத்த மருத்துவமனைகள் உண்டு. 'என்ன வேலை செய்கிறீர்கள்?' என்று ஒருவரும் கேட்காத வரை மார்பு எக்ஸ்ரேயின் வெள்ளைப் புள்ளிகள் எதுவாகவும் தோன்றலாம். தொடக்க நிலை முடிச்சுகளைச் சாதாரண எக்ஸ்ரே தவறவிட்டு, சி.டி. ஸ்கேன் மட்டுமே காட்டிக்கொடுப்பதும் அடிக்கடி நடக்கிறது. 2025-க்குள் அந்த ஒரு மாநிலத்தின் எண்ணிக்கை மட்டும் 400-ஐத் தாண்டிவிட்டது. பிரிட்டன் மருத்துவர்கள் 2024-இல் தங்கள் நாட்டின் முதல் எட்டு நோயாளிகளை அறிவித்தார்கள். நடு வயது 34.

தண்ணீர் ஊற்றினால் போதாதா?

பட்டறை முதலாளிகள் முதலில் சொல்லும் பதில் இதுதான்: 'ஈரமாக வெட்டினால் தூசி வராது.' பாதி உண்மை. கலிபோர்னியாவின் அந்த 52 பேரில் ஏறக்குறைய 45 சதவீதத்தினர் தண்ணீர் ஊற்றித்தான் வெட்டியிருக்கிறார்கள்.

கணக்கைப் பார்த்தால் காரணம் புரியும். அமெரிக்கச் சட்டம் 2016-இல் திருத்தப்பட்ட பிறகு, எட்டு மணி நேர வேலையில் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம் சிலிக்காவரைதான் அனுமதி. ஒரு தொழிலாளி ஒரு ஷிப்டில் சுமார் பத்து கன மீட்டர் காற்றை மூச்சிழுக்கிறார். ஆக, சட்டப்படி ஒரு நாளின் உச்சம் அரை மில்லிகிராம். செயற்கைக் கல்லை உலர்வாக வெட்டி அளந்த ஓர் அமெரிக்கச் சோதனையில், அரை மணி நேரத்தில் காற்றில் இருந்தது கன மீட்டருக்குச் சுமார் 44 மில்லிகிராம். கவசம் இல்லாமல் நின்றால், அந்த அரை மணியில் ஐம்பது நாளுக்கு மேற்பட்ட 'ஒதுக்கீடு' உள்ளே போய்விடும். வெட்டும் சக்கரத்துக்குத் தண்ணீர் விட்டதும் தூசி ஏறத்தாழ பத்தில் ஒன்றானது. கூடவே உறிஞ்சு குழாயை இணைத்ததும் மறுபடி அது பத்தில் ஒன்றை நெருங்கியது. இவ்வளவு குறைத்தும் வெட்டும் நேரத்துக் காற்றில் மிஞ்சியது 50 மைக்ரோகிராமைப் போலப் பத்து மடங்குக்கு மேல். நாள் முழுவதும் வெட்டுபவருக்குத் தண்ணீரும் உறிஞ்சு குழாயும் இருந்தும் தரமான சுவாசக் கவசம் தேவை.

தண்ணீர் தூசியை அழிப்பதில்லை, சேறாக்குகிறது. சேறு தரையில், சட்டையில், இயந்திரத்தின் மேல் காய்ந்ததும் மறுபடி பொடிதான். மாலையில் துடைப்பத்தால் பெருக்கினாலோ, அழுத்தக் காற்றால் சட்டையை ஊதிக்கொண்டாலோ காலையில் பிடித்த தூள் மாலையில் பறக்கும். துணி முகமூடியும் அறுவை முகமூடியும் இந்த அளவு துகளைத் தடுக்காது. முகத்தோடு கச்சிதமாகப் பொருந்தும் சுவாசக் கவசம் வேண்டும். தாடி இருந்தால் அதுவும் பொருந்தாது. காற்றை வடிகட்டி முகத்துக்கு ஊதும் மோட்டார் வைத்த கவசங்கள் நன்றாகக் காக்கும், விலைதான் எட்டாது.

தொழில் பாதுகாப்பில் ஒரு வரிசை உண்டு. முதலில் ஆபத்தை அடியோடு நீக்கப் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் வேறு பொருளை மாற்ற வேண்டும். அடுத்தது இயந்திர ஏற்பாடு. அதற்கும் அடுத்தது வேலை விதிகள். முகக்கவசம் வரிசையின் கடைசி. செயற்கைக் கல் விஷயத்தில் உலகம் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்தது. பொருளைத் தொடாமல், தொழிலாளியின் மூக்கின் மேல் எல்லாப் பொறுப்பையும் கட்டிவிட்டது.

கல்லை எடுப்பதா, விதியை இறுக்குவதா

ஆஸ்திரேலியாவும் முதலில் விதிகளைத்தான் இறுக்கிப் பார்த்தது. காற்றில் அனுமதிக்கும் சிலிக்கா அளவைப் பாதியாக்கியது, உலர் வெட்டைத் தடை செய்தது, சில மாநிலங்களில் உரிமம் கொண்டுவந்தது. சோதனைக்குப் போன ஆய்வாளர்கள் விதிமீறல்களைத் தொடர்ந்து கண்டார்கள். தொழிற்சங்கங்கள் தடை கேட்டுக் களத்தில் இறங்கின. 40 சதவீதத்துக்குக் குறைவான சிலிக்கா உள்ள கல்லையாவது விட்டுவைக்கலாமே என்று தயாரிப்பாளர்கள் வாதாடினார்கள். அந்த அளவும் பாதுகாப்பானது என்பதற்குச் சான்று இல்லை. குறைந்த சிலிக்கா என்றதும் பட்டறைகள் இன்னும் அசட்டையாகிவிடும் என்று 'சேஃப் ஒர்க் ஆஸ்திரேலியா' அமைப்பின் 2023 அக்டோபர் அறிக்கை பதில் சொன்னது. சட்டம் வருவதற்கு முன்பே பன்னிங்ஸ், ஐகியா போன்ற பெரிய கடைகள் இந்தக் கல்லை விற்பதை நிறுத்தப்போவதாக அறிவித்தன. 2023 டிசம்பர் 13 அன்று மத்திய, மாநில அமைச்சர்கள் கூடித் தடையை முடிவு செய்தார்கள்.

கலிபோர்னியா வேறு பாதையில் போனது. 2023 டிசம்பர் இறுதியில் அவசர விதிகள் வந்தன: உலர் வெட்டுக்குத் தடை, ஈரமுறை கட்டாயம், வலுவான சுவாசக் கவசம் கட்டாயம், மீறினால் வேலையை நிறுத்தும் அதிகாரம். கல் மட்டும் சந்தையில் இருக்கிறது. சண்டை நீதிமன்றத்துக்கு நகர்ந்தது. 2024 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸ் நடுவர் குழு ஒன்று, இரண்டு நுரையீரல்களையும் மாற்றிக்கொண்ட 34 வயதுத் தொழிலாளிக்கு 5 கோடியே 20 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தது. கல் தயாரிப்பாளர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு என்று சொன்னது. ஒழுங்காகக் கையாண்டால் எங்கள் கல் பாதுகாப்பானது, தவறு பட்டறைகளுடையது என்பது நிறுவனங்களின் வாதம். பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறையால் ஒருபோதும் ஒழுங்காகக் கையாள முடியாத பொருளை அந்தப் பட்டறைக்கே விற்பது யார் குற்றம் என்பதுதான் எதிர்வாதம்.

தடைக்குப் பிறகு ஆஸ்திரேலியச் சந்தையில் சிலிக்காவே இல்லாததாகவும், மிகக் குறைவாக உள்ளதாகவும் சொல்லும் கற்கள் இறங்கியிருக்கின்றன. சிலவற்றில் குவார்ட்ஸுக்குப் பதில் மறுசுழற்சிக் கண்ணாடித் தூள். கண்ணாடியும் சிலிக்காதான், ஆனால் படிக ஒழுங்கு இல்லாத சிலிக்கா, படிக வகையைவிட அபாயம் குறைந்தது. ரெசினும் சாயமும் இவற்றிலும் இருப்பதால், வெட்டும்போது நீரும் உறிஞ்சு குழாயும் கவசமும் இங்கும் வேண்டியிருக்கிறது. லட்சக்கணக்கான வீடுகளில் ஏற்கெனவே பதித்த பழைய மேடைகளை யாரும் பெயர்க்கச் சொல்லவில்லை. அவற்றைப் பழுது பார்க்கவும் கழற்றவும் நேர்ந்தால், கட்டுப்பாடுகளோடு செய்யலாம் என்று சட்டம் விலக்கு வைத்திருக்கிறது.

நம் பக்கத்தில்

இந்தியாவுக்குச் சிலிக்கோசிஸ் எப்போதும் பழைய பகையாளி. மத்தியப் பிரதேசத்தின் மந்த்சோரில் சிலேட்டுக் குச்சி அறுத்தவர்களை அகமதாபாத் தேசியத் தொழில் சுகாதார நிறுவனம் ஆராய்ந்தபோது, 593 பேரில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் இருந்தது. குஜராத்தின் கம்பாத் அகேட் மணித் தொழிலாளர்கள், ராஜஸ்தான் மணற்கல் குவாரிக்காரர்கள் என்று அந்தப் பட்டியல் தொடர்கிறது. ராஜஸ்தான் 2019-இல் இதற்கென்றே நிவாரணக் கொள்கை வகுத்தது. தொழிற்சாலைச் சட்டம் 1948, சிலிக்கோசிஸை அரசுக்கு அறிவித்தே ஆக வேண்டிய தொழில் நோய்களில் வைத்தது. இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையிலும் அது இடம்பெற்றது. சம்பளப் பதிவேட்டில் பெயரே இல்லாத தினக்கூலி, தான் எந்தப் பட்டறையில் எத்தனை வருஷம் தூசி தின்றார் என்று எப்படி நிரூபிப்பார் என்பதில்தான் சட்டம் தடுமாறுகிறது.

செயற்கைக் கல்லில் இந்தியா இப்போது பெரிய ஏற்றுமதி நாடு. சீனப் பலகைகளுக்கு 2019-இல் அமெரிக்கா இறக்குமதித் தண்டவரி போட்டது. அடுத்த ஆண்டே இந்தியாவுக்கும் துருக்கிக்கும் அது நீண்டது. அந்த அளவுக்கு இங்கிருந்து சரக்கு போயிருந்தது. அதே கல் நம் ஊர் மாடுலர் கிச்சன் கடைகளிலும் கிரானைட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

நம் ஊரில் இன்னொரு பழக்கம் சேர்ந்துகொள்கிறது. கிருஷ்ணகிரியில் எடுத்த கிரானைட்டானாலும் கடையில் வாங்கிய குவார்ட்ஸானாலும், பலகையைக் கட்டுமான இடத்துக்கே கொண்டுவந்து, வாசலில் சாய்த்து வைத்து, கட்டிங் மெஷினால் உலர்வாக அறுப்பது சர்வ சாதாரணம். மேஸ்திரி மூக்கில் கட்டியிருப்பது கைக்குட்டை. கிரானைட்டிலேயே கால்பங்குக்கு மேல் சிலிக்கா இருக்கலாம். அதே கை, அதே கிரைண்டர், அதே கைக்குட்டையோடு 90 சதவீதக் கல்லுக்கு மாறும்போது ஒரு வெட்டில் பறக்கும் சிலிக்கா இரண்டு மூன்று மடங்காகிறது.

மேடை போடுகிறவர் கையில் சில விஷயங்கள் உண்டு. சிங்க், அடுப்பு இரண்டையும் முன்கூட்டியே வாங்கி அளவைக் கொடுத்துவிட்டால், எல்லா ஓட்டைகளையும் பட்டறையிலேயே நீர் பாயும் இயந்திரத்தில் போட்டு எடுத்துவரலாம். வீட்டில் வெட்டும் வேலை பெருமளவு குறையும். கடைசி நேரத்தில் இடத்திலேயே அறுக்க வேண்டி வந்தால், சக்கரத்துக்கு நீர் விடும் குழாயும் உறிஞ்சு இயந்திரமும் இருக்கிறதா என்று கேட்கலாம். என்-95-க்குக் குறையாத கவசத்துக்கு ஆகும் செலவைக் கூலியோடு சேர்த்துக் கொடுக்கலாம். முடிந்ததும் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லலாம். கல் வெட்டும் தொழிலில் ஐந்தாண்டைக் கடந்த ஒருவர் மாடிப்படி ஏறும்போது இளைப்பதாகவோ விடாமல் இருமுவதாகவோ சொன்னால், மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே தன் தொழிலைச் சொல்ல வேண்டும். எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்று வந்தாலும் சி.டி. ஸ்கேனும் சுவாசத் திறன் சோதனையும் தேவையா என்று கேட்க வேண்டும். காசநோய்ச் சோதனையையும் விட்டுவிடக் கூடாது.